மறைத்துவைத்த பத்து வருஷமும் அதற்கப்புறம் கற்றுக்கொண்டதும்

2019 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த வாரம். திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் உதவிபெறும் பள்ளியில் கட்டணம் வாங்கும் கவுண்ட்டர் என்னுடையது. அன்று சாயங்காலம் கணக்கு முடித்தபோது 400 ரூபாய் குறைந்தது. மறுநாளும் 400. அடுத்த வாரம் ஒரே நாளில் 800. கூட்டிக் கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரியாகத்தான் இருந்தது. மீதி கொடுக்கும்போது 100 ரூபாய்த் தாள் என்று நினைத்து 500 ரூபாய்த் தாளை எடுத்து நீட்டியிருக்கிறேன் என்று ராத்திரி படுத்தபிறகுதான் புரிந்தது. புது 100 வெளிர் ஊதா, 500 சாம்பல் நிறம், வெளிச்சத்தில் யாருக்கும் குழப்பம் வராது. அந்த அறையின் மங்கின டியூப்லைட்டில், எனக்கு மிச்சமிருந்த பார்வைக்கு, இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. குறைந்த பணத்தைச் சம்பளத்திலிருந்து கட்டினேன், தலைவலி, கவனம் சிதறிப்போச்சு என்று காரணம் சொன்னேன். திருடி என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும், குருடி என்று தெரிந்துவிடக் கூடாது என்ற அளவுக்கு என் மனசு கெட்டிப்பட்டுப் போயிருந்தது.

எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, டாக்டர்கள் சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்று இருக்கிற செல்கள் முதலில் சாகும், அதனால் இருட்டினால் தடுமாற்றம். அப்புறம் பக்கவாட்டுப் பார்வை ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சுருங்கிக்கொண்டே வந்து, பேப்பரைச் சுருட்டி அந்த ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அந்த நடுப்பார்வை நன்றாக இருந்ததுதான் என்னையும் ஏமாற்றியது, என்னைச் சுற்றி இருந்தவர்களையும் ஏமாற்றியது. ஊசியில் நூல் கோத்துவிடுவேன், காலடியில் இருக்கிற குடம் தெரியாமல் இடித்துக்கொள்வேன். பார்க்கிறவர்கள் திமிர் என்பார்கள், நடிப்பு என்பார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

சின்ன வயசில் சினிமாவுக்குப் போய், படம் தொடங்கியபிறகு உள்ளே நுழைந்தால் எனக்கு எதுவுமே தெரியாது, அம்மா கையை விடவே மாட்டேன். வீட்டில் மாலைக்கண் என்று முடிவு கட்டி, வாரத்தில் நாலு நாள் முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு அது சரியான வைத்தியம்தான், அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். என்னுடையது மரபணுவில் வந்தது. 2009-இல், 31 வயதில், மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் பரிசோதனை எல்லாம் முடிந்தபிறகு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா அம்மா சொந்தமாம்மா?" அம்மா கட்டியது சொந்தத் தாய்மாமனை.

இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் இது இன்னும் நடக்கிறது. ஆர்.பி.யில் பல வகை உண்டு. எனக்கு இருக்கும் வகை, பழுதான மரபணு அப்பா பக்கம் அம்மா பக்கம் இரண்டிலிருந்தும் வந்தால்தான் வரும். சொந்தத்துக்குள் கட்டும்போது இரண்டு பேரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். என் மகளிடம் என்னிடமிருந்து போன ஒன்று கட்டாயம் இருக்கும், அது ஒன்று மட்டும் இருப்பதால் அவளுக்கு நோய் வராது. என் தம்பிக்குப் பார்வை நன்றாக இருக்கிறது, ஆனாலும் அவனும் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம், அவன் மகனும் சுமக்கலாம். தம்பி மகனுக்கே இவளைக் கொடுத்துவிடலாமே என்று போன வருஷம் பேச்சு வந்தபோது முடியாது என்று முதல் ஆளாகச் சொன்னவள் நான்தான். தம்பிக்கு வருத்தம், இன்னும் முழுசாகப் பேசுவதில்லை. பரவாயில்லை, அந்தப் பேச்சு போகட்டும், பிள்ளைகளின் கண் முக்கியம்.

2009-லிருந்து 2019 வரை மறைத்தேன். சாயங்காலம் 5 மணிக்குமேல் தனியாக வெளியே போகாமல் இருக்க நூறு காரணம் வைத்திருப்பேன். மகளின் தோளை ஆசையாகப் பிடித்துக்கொள்வதுபோல் பிடித்து நடப்பேன், அவளுக்கு எட்டு வயசிலிருந்தே காரணம் தெரியும். பந்தியில் எதிரே யார் வந்து சிரித்தாலும் தெரியாதென்பதால் கல்யாணங்களுக்குப் போவதையே குறைத்தேன். இதற்கு நடுவில் ஆறு மாசத்தில் பார்வை திரும்பிவிடும் என்று சொன்ன ஒரு இடத்தில் கண்ணுக்கு எண்ணெய், மூக்குக்குச் சொட்டு, பத்தியம் என்று ஒன்றரை லட்சம் கொடுத்தோம், நகை வைத்துத்தான். ஆர்.பி.க்கு எல்லோருக்கும் பொதுவான மருந்து என்று இன்றைக்கு எதுவும் கிடையாது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது, அது ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஒரு மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும். அதனால் யாராவது "குணமாகும்" என்று சொன்னால், எந்த மரபணுவுக்கு என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

மறைத்தது முடிந்தது என்னால் இல்லை, என் மகளால். மூன்றாவது தடவை பணம் குறைந்த அன்று, பள்ளி விட்டு என்னைக் கூட்டிப்போக வந்தவள் அலுவலக வாசலில் நின்றிருக்கிறாள், தலைமை எழுத்தர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து, "சார், எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது சார்" என்றாள். அவ்வளவுதான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம், அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்வளவு நாளாம்மா?" என்று கேட்டார். பத்து வருஷம் பயந்துகிடந்த கேள்வி, நாலு வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிட்டேன். மறுநாளே பணம் வாங்கும் வேலையை வேறொருவருக்கு மாற்றிவிட்டு எனக்குக் கடிதப் போக்குவரத்தைக் கொடுத்தார்.

எல்லோரும் அவரைப்போல இருக்கவில்லை. நிர்வாகத்தில் ஒருவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டால் உங்களுக்கும் நிம்மதி என்று அன்பாகத்தான் பேசினார். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20: அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது ஊனம் வந்த ஊழியரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது, பழைய வேலை செய்ய முடியவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்கவேண்டும். அரசு நிறுவனம் என்பதில் அரசு உதவிபெறும் அமைப்புகளும் சேரும். இதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், அதற்கப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கும்போது ஒரு விஷயம். ஆர்.பி. உள்ளவர்கள் எழுத்துப் பலகையைப் படித்துவிடுவோம், உடனே "நல்லாத்தானே தெரியுது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டப்படி, சரியான கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் பார்வை 3/60-க்குக் கீழ் இருந்தாலும் (மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில் பார்ப்பதுதான் 3/60) பார்வையின்மை, பார்வைக் களம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்கும்போது தெரியும் பரப்பு, 10 டிகிரிக்குள் சுருங்கியிருந்தாலும் பார்வையின்மைதான். எனக்கு 8 டிகிரி. களப் பரிசோதனை அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அது இல்லாமல் போகவே வேண்டாம். தனித்துவ அடையாள அட்டை வந்தபிறகுதான் நகரப் பேருந்தில் இலவசப் பயணம், உதவி உபகரணம் எல்லாம் வரிசையாக வந்தன.

வெள்ளைக் கோலுக்கு வீட்டில்தான் பெரிய சண்டை. "வயசுப் பொண்ணு இருக்கிற வீடு, நீ கம்பைத் தட்டிக்கிட்டுத் தெருவில் போனா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா" என்று அத்தை அழுதார். எனக்கும் அழுகைதான். சொல்லிக்கொடுக்க வந்த பயிற்றுநருக்கே பார்வை கிடையாது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "இன்னும் கொஞ்சம் தெரியும்போதே கத்துக்கிறீங்களா, இல்ல முழுக்கப் போனப்புறம் பயந்துக்கிட்டே கத்துக்கிறீங்களா?" அதனால் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு பழகினேன். மிச்சப் பார்வை இருக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான், இருக்கும்போதே கோல், பிரெய்ல், பேசும் போன் மூன்றையும் தொட்டுவிடுங்கள்.

கோலின் உயரம், நேராக நின்றால் தரையிலிருந்து நெஞ்செலும்பின் அடிவரை வரவேண்டும். தாத்தா ஊன்றும் கைத்தடி மாதிரி அதில் சாய்வதில்லை. இடது கால் முன்னே போகும்போது கோலின் நுனி வலது பக்கம் தொடும், வலது கால் போகும்போது இடது பக்கம், அதாவது அடுத்த கால் விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடும். வீச்சு தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அதற்குமேல் வீசினால் பக்கத்தில் போகிறவர் காலில் படும். முதல் மாதம் மணிக்கட்டு வலி உயிர் போகும். அப்புறம் நுனியில் சிமெண்டு, மண், இரும்பு மூடி என்று காதிலும் கையிலும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் இடுப்புக்கு மேலே இருப்பதைக் கோல் சொல்லாது. கடை வாசலில் தொங்கும் வாழைத்தார், நிறுத்திவைத்த லாரியின் பின்பலகை, பாதி இறக்கின ஷட்டர், இவைதான் நெற்றியைப் பதம் பார்ப்பவை. கடைத்தெருவில் இடது முன்கையை முகத்துக்கு முன்னால் சற்றுத் தூக்கி மடக்கிக்கொண்டுதான் நடக்கிறேன்.

சமையல் விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் வெளியே தெரிந்ததும் அடுப்படியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள், பாசத்தில்தான். மூன்று மாசம் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். அந்த மூன்று மாசம்தான் நான் ரொம்ப உடைந்துபோயிருந்த காலம். ஒரு நாள் எல்லோரும் வெளியே போயிருந்தபோது எழுந்துபோய் ரசம் வைத்தேன். பாத்திரத்தை முதலில் பர்னரின் நடுவில் வைத்து, ஒட்டி இருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பது. இதை மாற்றிச் செய்யவே கூடாது. எண்ணெயைப் பாட்டிலிலிருந்து ஊற்றுவதில்லை, வாய் அகன்ற கிண்ணத்தில் வைத்து ஸ்பூனால் எடுக்கிறேன். கடுகு தானே பொரிந்து சொல்லிவிடும். உளுந்து சிவப்பதை வாசனையில் பிடிக்க ஒரு வாரம் ஆனது. பாலுக்கு விசில் அடிக்கும் பால் குக்கர். டம்ளரில் தண்ணீர் நிறைய நிறையச் சத்தம் மெலிதாகி உயரும், கண்ணை மூடிக்கொண்டு நீங்களும் ஊற்றிப் பாருங்கள், நிரம்பப்போவது நன்றாகத் தெரியும்.

அஞ்சறைப்பெட்டியில் எது எந்தக் கிண்ணம் என்பது கடிகாரக் கணக்கு, 12-இல் கடுகு, 2-இல் சீரகம் என்று, அதை யாரும் திருப்பி வைக்கக் கூடாது. மூடியில் ஒரு இடத்தில் நெயில் பாலிஷைத் தடிமனாக ஒரு சொட்டு வைத்திருக்கிறேன், அதுதான் 12. உப்பு சாடியில், சர்க்கரை எவர்சில்வர் டப்பாவில். மஞ்சள்தூளுக்கு ஒரு ரப்பர் பேண்டு, மிளகாய்த்தூளுக்கு இரண்டு. கத்தி பழகிக்கொள்ளச் சொன்னார்கள், நான் அரிவாள்மனையை விடவில்லை. கத்தியில் அலகு நகர்கிறது, காயும் நகர்கிறது, அரிவாள்மனையில் அலகு ஒரே இடத்தில் நிற்கிறது, என் கைக்கு அது எங்கே என்று முப்பது வருஷமாகத் தெரியும். இது எனக்குச் சரி, புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லமாட்டேன். கொஞ்சம் பார்வை இருப்பவர்கள் சாப்பிடும் தட்டை மாற்றிப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு கூசும், வெள்ளைச் சோறு அதில் தெரியாது. வாழையிலையில் எனக்கு ஒவ்வொரு கூட்டும் எங்கே இருக்கிறதென்று தெரிந்தது, அதனால் வீட்டில் எனக்குக் கரும்பச்சைத் தட்டு வாங்கினோம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. கதவு ஒன்று முழுசாகத் திறந்திருக்கட்டும், இல்லை முழுசாக மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பில்தான் என் புருவத்தில் நாலு தையல். படியின் முதல் விளிம்பிலும் கடைசி விளிம்பிலும் மஞ்சள் டேப்.

பணத் தாள்களுக்கு வருகிறேன், அதில்தானே ஆரம்பித்தது. 100 ரூபாய் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. நாலு நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தை அவசரத்தில் விரல் பிடிக்காது. ஓரத்தில் தடவிப் பார்க்க மேடான கோடுகள் இருக்கின்றன, 100-இல் நாலு, 500-இல் ஐந்து, தாள் பழசானால் அவை தேய்ந்துவிடும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' என்ற செயலி கேமராவில் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். வீட்டில் அதை வைத்துப் பிரித்து, 100-ஐ மடிக்காமல், 200-ஐ ஒரு மடிப்பாக, 500-ஐ இரண்டு மடிப்பாகப் பர்ஸில் வைத்துவிடுகிறேன். யாராவது மீதி கொடுத்தால் அங்கேயே கேட்டு அங்கேயே மடித்துவிட வேண்டும், அப்புறம் என்று தள்ளினால் கலந்துபோகும்.

ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் இருக்கிறது, இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் பேச ஆரம்பிக்கும். முதல் நாள் போனைத் தூக்கிப் போடத் தோன்றும், இரண்டு வாரம் பொறுங்கள். அலுவலகக் கணினியில் அதே வேலையைச் செய்யும் என்.வி.டி.ஏ. போட்டிருக்கிறேன், பார்வையில்லாத இரண்டு ஆஸ்திரேலியர்கள் தொடங்கியது, காசு கிடையாது. அதில் தமிழ்க் குரல் உண்டு. எனக்கு வந்த தொல்லை வேறு. எங்கள் பள்ளியின் பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் அடித்தவை. திரையில் அழகான தமிழ், ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், கணினி அதை உளறலாகத்தான் படிக்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு, கணினிக்குத் தமிழ் எழுத்தாகவே தெரியும் யூனிகோடாக்கினால்தான் என் காதுக்குத் தமிழ். அரசாணைகள் பல நேரம் ஸ்கேன் செய்த படமாக வரும், அவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் பெரும்பாலும் எழுத்தாகிவிடும். தமிழில் ஆவணம் தயாரிக்கும் எல்லோரிடமும் கைகூப்பிக் கேட்கிறேன், யூனிகோடில் அடியுங்கள், எங்களைப்போல் எத்தனையோ பேர் அதைக் காதால்தான் படிக்கிறோம். இன்றைக்குக் கடிதப் பிரிவில் என்னிடம் நிலுவை கிடையாது.

ஒன்று மட்டும் யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. 2021-இல் அந்தி நேரத்தில் சுவரில் புள்ளிக்கோலம் தெரிய ஆரம்பித்தது. சுவர் முழுக்க, சின்னச் சின்னதாக, பிசிறில்லாமல். ஒரு நாள் சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், சத்தமே இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. மிச்சமிருக்கும் என் நிஜப் பார்வையைவிட அது தெளிவாக இருந்தது. புத்தி பேதலிக்கிறது என்றே நினைத்தேன், வெளியே சொன்னால் அத்தை கோடாங்கியிடம் கூட்டிப்போவார் என்று எட்டு மாசம் வாயைத் திறக்கவில்லை. மறைக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. கண் டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் உடனே பெயர் சொன்னார்: சார்லஸ் போனே நோய்க்குறி. கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்ததும் மூளை தானாகவே படம் போட்டுக்கொள்கிறது. 1760-இல் போனே என்ற சுவிஸ் அறிஞர் பார்வை குறைந்த தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதிவைத்திருக்கிறார். பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. விளக்கைப் போட்டாலோ, எழுந்து நாலு அடி நடந்தாலோ, கண்ணை இடதும் வலதுமாகச் சில தடவை ஓட்டினாலோ எனக்குக் கலைந்துவிடும். உங்கள் வீட்டில் பார்வை மங்கிய பெரியவர்கள் "அங்க யாரோ நிக்கிறாங்க" என்று சொன்னால் அதட்டாதீர்கள், மெதுவாகக் கேட்டு, கண் டாக்டரிடம் சொல்லுங்கள். சத்தமும் சேர்ந்து கேட்கிறது, குழப்பமாகப் பேசுகிறார்கள் என்றால் அது வேறு காரணமாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டவேண்டும்.

மற்றவர்களுக்குச் சில வார்த்தை. உதவ வந்தால் என் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன், அரை அடி பின்னால் வந்தால் நீங்கள் படி இறங்குவது எனக்கு உங்கள் கையிலேயே தெரிந்துவிடும். "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று விளையாடாதீர்கள், பெயரைச் சொல்லுங்கள். கிளம்பும்போது கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், காலி இடத்தோடு பேசிக்கொண்டிருப்பது ரொம்ப வலிக்கும். பார்வை இல்லாதவர்களுக்கு, பேருந்து நிலையத்தில் "இது நத்தம் பஸ்ஸா?" என்று கேட்காதீர்கள், சரியாகக் காதில் விழாமலேயே ஆமா என்பார்கள், சிலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள். "இது எங்க போற பஸ்?" என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இப்போது வீட்டிலிருந்து பள்ளிக்கு இருபது நிமிஷம் நடந்து போகிறேன். டீக்கடையின் பாய்லர் சத்தம், அப்புறம் மாவு மில், அது முடிந்ததும் கோயில் முன் திறந்த வெளி, அங்கே காற்று முகத்தில் அடிக்கும், அதிலிருந்து பதினெட்டு அடி தள்ளி மூடியில்லாத சாக்கடை. மனு கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் மூடவில்லை, மூன்றாவது மனு எழுதிவைத்திருக்கிறேன். அதைத் தாண்டியதும் பெரிய சாலை. அதை மட்டும் இன்னும் நான் தனியாகக் கடப்பதில்லை. பஸ், லாரி எல்லாம் தூரத்திலேயே கேட்டுவிடும், மின்சார ஸ்கூட்டர் பக்கத்தில் வந்தபிறகுதான் தெரிகிறது. கோலை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றால் பூக்கடை அக்கா குரல் கொடுப்பார், "இருங்க டீச்சர், வர்றேன்." நான் டீச்சர் இல்லை என்று எத்தனையோ தடவை சொல்லியாச்சு. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து, முழங்கையை நீட்டுவார்.